கோட்டிக்காரனின் கோட்டை

சிவனணைந்தபெருமாள் தன் கதைகளை முதலில் சொல்லிப் பார்ப்பது முதுகுகளிடம்தான். முகத்தை அவர் நம்பமாட்டார். எதிரே இருந்து தலையாட்டும், சிரிக்கும், பிரமாதம் என்று சொல்லும். அந்தப் பக்கம் போய், "கிறுக்கன் என்னமோ உளறுதான்" என்று சொல்லும். முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் பேரருவிப் பக்கத்துப் பாறையில் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. மற்ற நாளில் மேலகரத்தில் யார் வயலுக்காவது போவார். குளிக்க வந்தவர்கள் இடுப்பில் துண்டோடு குப்புறப் படுப்பார்கள். நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஏந்திப் பிடரியில் வைத்தால், கை தன் பாட்டுக்கு இறங்கும். வாய் தன் பாட்டுக்குக் கதை சொல்லும். எல்லாம் மாயக்கதைதான். கல்லாகிப் போன ஊர், பேசுகிற மீன், நிழலை அடகு வைத்தவன். கதை பிடித்துவிட்டால் தோள்பட்டைச் சதை கெட்டிப்படும். விலா ஏறி அப்படியே நிற்கும். அடுத்த வார்த்தை வந்த பிறகுதான் மூச்சு இறங்கும். சதை தளர்ந்து குறட்டை வந்துவிட்டால், அந்த இடத்தை வீட்டுக்குப் போய் நோட்டில் அடித்துவிடுவார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எண்ணெய் தேய்ப்பவனுக்குக் குறட்டைதான் பெருமை. கதைக்காரனுக்கு அதுதான் கேவலம். கை இளக்கியதை வாய் இறுக்கிவிடும். "உம்மகிட்ட வந்தா கழுத்துப் பிடிப்பு போகும்னு சொன்னானுவோ. எனக்குப் புதுசா வந்திருக்குவே" என்று ராஜபாளையத்துக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். பெருமாளுக்கு உள்ளுக்குள் அன்று முழுக்கத் தித்திப்பு.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் அவரிடம் ஒரே மரியாதைதான். ஆனாலும் கதை எழுதி மெட்ராஸில் இருந்து மாதம் இருமுறை வருகிற 'விந்தைச்சோலை'க்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நாலு கதை திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று அவன் சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் எதைச் சொல்லியிருக்கிறான்? முதுகுதான் சொன்னது. ராஜா, அவன் அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று வம்சம் சொல்லுகிற வரைக்கும் முதுகு தூங்கியது. வம்சத்தை வெட்டினார். ஒரு கதையில் ஏழு மாயம் வந்தால் மூன்றாவதிலேயே சதை தளர்ந்தது. ஒரே மாயத்தை வைத்துக்கொண்டு அதையே கடைசி வரைக்கும் இழுத்தால் இறுகியது. ஆறை வெட்டினார். இப்படி வெட்டி வெட்டி எழுதிய ஐந்தாவது கதையைத்தான் தொடராகப் போடுகிறோம், மேற்கொண்டு பகுதி பகுதியாக எழுதி அனுப்பவும் என்று ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் கடிதம் வந்தது.

பெயரைப் பாதி வெட்டி 'பெருமாள்' என்று போட்டார்கள். "சிவனைத் தள்ளிட்டுப் பெருமாளை மட்டும் வச்சிருக்கான். முதலாளி நாமக்காரனா இருப்பான்" என்று சொன்னாரே தவிர, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை இதுதான். பேரருவியில் தலையைக் கொடுக்கிறவனுக்கு ஒரு கணம் தன் பெயர் மறந்துபோகும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சிலருக்குக் கிடைக்காது. அப்படித் தொலைந்த பெயர்களை அருவிக்குப் பின்னால் இருக்கிற குகையில் ஒருவன் பொறுக்கி வைக்கிறான். நனைந்த பெயர்களைச் சாக்கில் போட்டு, வெயில் வருகிற நேரம் பாறையில் காயவைக்கிறான். காய்ந்த பெயர் தும்பியாகிப் பறந்து சொந்தக்காரனைத் தேடிப் போகும். ஓர் இளவரசி குளித்துப் பெயரை இழந்தாள். அவள் பெயர் மட்டும் காயவே இல்லை. அதைத் தேடி ஓர் இளவரசன் வருகிறான்.

இளவரசன் கிடக்கட்டும். பெருமாளுக்கு உயிர் அந்தச் சாக்குக்காரன் மேல்தான். அவனுக்குக் கோட்டிக்காரன் என்று பெயர் வைத்திருந்தார். நம்ம பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். சின்ன வயசில் இருந்து தனக்குத்தானே பேசித் திரிந்ததால் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கூப்பிட்ட வாயெல்லாம் அடைபடும்படி ஒரு கோட்டியை எழுதிவிட வேண்டும் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

கோட்டிக்காரன் முதன்முதலாகத் தலைகாட்டுகிற இரண்டாம் பகுதி வந்த அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே துல்கர்னைன் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். விற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தானே வாசித்துவிடுகிற மனுசன்.

"வாரும்வே எழுத்தாளரே. உம்ம ஆளுக்குக் கிரீடமெல்லாம் வச்சிட்டானுவோ."

"எந்த ஆளுக்கு?"

துல்கர்னைன் பக்கத்தை விரித்துக் காட்டினார். முறுக்கின மீசை, கிரீடம், இடுப்பில் வாள், பின்னால் ஏழடுக்குக் கோட்டை. அந்த ராஜா ஈரப் பாறையில் சாக்கைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கீழே எழுதியிருந்தது: 'கோட்டைக்காரன் துயில்கிறான்.'

பெருமாள் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். ஒவ்வொரு இடத்திலும் கோட்டைக்காரன். ஒரே ஒரு கோட்டிகூட மிஞ்சவில்லை.

"இது சதி பாய்."

"சதியும் இல்ல, மண்ணும் இல்ல. மெட்ராஸ்காரனுக்குக் கோட்டின்னா என்னன்னு தெரியாது. நீரு வரிக்கு மூணு பிழை விடுதீரு. இதையும் பிழைன்னு நினைச்சுத் திருத்திட்டான். அவ்வளவுதான்."

"அப்ப நான் எழுதிப் போடுதேன். அது கோட்டிதாம்லேன்னு."

"போடும். அச்சடிச்ச ராஜாவைப் பைத்தியம்னு திருத்தம் போடுவானா, இல்ல உம்மத் தூக்கிட்டு வேற ஆளப் போடுவானா? நீரே யோசிச்சுக்கிடும்."

பெருமாள் யோசித்தார். எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்காக ஒரு வாரம் தன் மேலேயே எரிச்சல்பட்டார்.

நாலாம் பகுதி வந்த சமயம் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அதையும் கடையில் வைத்துத்தான் துல்கர்னைன் வாசித்தார்.

'அன்புடையீர், தங்கள் தொடருக்கு வாசகர் கடிதங்கள் மிகுதியாக வருகின்றன. கோட்டைக்காரன் எல்லாரையும் அஞ்சவைத்துள்ளான். எனவே ஆறாம் பகுதியில் இளவரசன் அவனை வதம் செய்து கதையை முடிக்கவும். இருபதாம் தேதிக்குள் பிரதி வராவிடில் அலுவலகத்தாரே எழுதி முடித்துக்கொள்வோம். எழுத்துப் பிழைகளைக் குறைக்கவும்.'

"கொல்லணுமாம்" என்றார் துல்கர்னைன்.

"கேட்டேன்."

"நீரு கொல்லலன்னா அவன் கொல்லுவானாம்."

"அதையும் கேட்டேன் பாய். எனக்குக் காது இருக்கு."

அன்றைக்குக் குற்றாலத்தில் வெயிலும் சாரலும் கலந்து விழுந்தது. மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தெரிந்தபோது பக்கத்தில் நின்றது, மறைந்தபோது அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது போல இருந்தது. அருவிச் சத்தத்துக்குள் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டது. பெருமாளுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார்.

அங்கே தில்லைநாயகம் படுத்திருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர். பெரிய முதுகு, பாய் விரித்தது மாதிரி.

"இன்னைக்குக் கதை கிதை வேண்டாம்வே" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு கதை படுத்துத பாடு பெரும்பாடு. விந்தைச்சோலைன்னு ஒரு புஸ்தகம். அதுல ஒரு கோட்டைக்காரன்."

பெருமாளின் கை முதுகெலும்பில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீரு? தேயும். அந்தக் கோட்டைக்காரனுக்குக் கோட்டையே கிடையாதுவே! நானும் மூணு தடவ வாசிச்சுட்டேன். படத்துல போட்டிருக்கான், கதையில ஒரு செங்கல் கிடையாது. பாறையில படுக்கான், பாசி மேல நடக்கான். கோட்டை இல்லாதவனை ஏன் கோட்டைக்காரன்னு சொல்லுதாவோ? எம் மூத்த மக சொல்லுதா, கோட்டையை மடிச்சு அந்தச் சாக்குக்குள்ள வச்சிருக்கானாம். இளையவ சொல்லுதா, இல்ல, தண்ணியில கரைஞ்சு போச்சாம். அதான் அவன் அருவியை விட்டு நகராம இருக்கானாம். ரெண்டு பேரும் சாப்பாட்டுல சண்டை."

சொல்லச் சொல்ல அந்தப் பெரிய முதுகு இறுகுவது பெருமாளின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இதுவரை அவர் சொன்ன எந்தக் கதைக்கும் ஒரு முதுகு இப்படிக் கல்லானதில்லை. அதுவும் அவர் எழுதாத ஒன்றுக்கு. எவனோ ஒரு மெட்ராஸ்காரன் தெரியாமல் செய்த தப்புக்கு. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு, அந்தத் தப்பு தன்னுடையதைவிடக் கெட்டிக்காரத் தப்பு என்றும் தெரிந்தது. காரணம் சொல்லாத ஒன்றைக் கதைக்கு நடுவில் போட்டுவிட்டால், படிக்கிறவன் தானே காரணம் கட்டிக்கொள்கிறான். பத்து வருஷத்தில் இதை எந்த முதுகும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மெதுவாகக் கேட்டார். "கடைசியில இளவரசன் அவனைக் கொன்னுட்டான்னா, அண்ணாச்சி?"

"கொல்லட்டுமே. கெட்டவன்னா சாகத்தானே செய்யணும்" என்றது வாய்.

முதுகு அப்படியே தொய்ந்து போயிற்று. காற்றுப் போன டயர் மாதிரி.

மூன்று நாள் பெருமாள் வேலைக்குப் போகவில்லை. மேலகரத்து வீட்டில் ஓடு வழியாகச் சாரலின் பொடி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கொல்லாமல் எழுதினால் மெட்ராஸ்காரன் தானே கொன்றுவிடுவான். கோட்டி என்று எழுதினால் கோட்டை என்று ஆக்கிவிடுவான். கை வைக்க முடியாதபடி ஒன்று எழுத வேண்டும். அதற்கு என்ன மந்திரம் இருக்கிறது?

"ஏங்க, யாருகூடப் பேசுதீங்க?" என்றாள் அவர் பெண்டாட்டி உலகம்மை, அடுப்படியில் இருந்து.

"யாருகூடயும் இல்ல."

"சுவரைப் பாத்துக் கையை ஆட்டுதீங்க. சோறு ஆறிப் போச்சு. உங்களுக்குக் கோட்டிதான் புடிச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல."

"ஏட்டி, அதை இன்னொரு தடவ சொல்லு."

"எதை? சோறு ஆறிப் போச்சுங்கதையா?"

"அதுக்குப் பொறவு."

உலகம்மை கரண்டியோடு வந்து நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டி" என்றாள், பயந்துகொண்டே. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "கோட்டிக்கார மனுசா, சாப்பிட வாங்க."

அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டார். ஊர் சொல்லும்போது அந்த வார்த்தை கதவைச் சாத்தியது. இவள் சொல்லும்போது அதே வார்த்தை கதவைத் திறந்தது. சாப்பிட்டு முடித்த கையோடு எழுத உட்கார்ந்தார். வெளியே மலை மறைந்து போயிருந்தது. திரும்பத் தெரிகிற வரைக்கும் எழுதினார்.

ஆறாம் பகுதியில் இளவரசன் அருவித் திரையை வாளால் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிறான். "கோட்டைக்காரா, வெளியே வா" என்கிறான். சாக்கு நிறைய அடுத்தவர் பெயர்களை வைத்திருந்தவனுக்குத் தனக்கும் ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிகிறது. அவனை யாரும் இதுவரை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும், விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் மதிலாயிற்று. இளவரசன் கோபத்தில் மறுபடி, "கோட்டைக்காரா!" என்றான். மதில் ஒரு பனை உயரம் ஏறியது. கத்தக் கத்தக் கோட்டை வளர்ந்தது. நுரையில் கொத்தளங்கள், சாரலில் கொடிகள், வாசலில் மீன்கள் வேல் பிடித்து நின்றன. உள்ளே போன இளவரசனுக்குத் திரும்பி வர வழியில்லை. வாள் தண்ணீரை வெட்டியது, வெட்டிய இடம் மூடிக்கொண்டது.

அப்போது பெயரில்லாத இளவரசி சொன்னாள்: "இவரைக் கோட்டைக்காரர் என்று கூப்பிட்டால் மதில் எழும்புகிறது. இவர் கோட்டைக்காரர் இல்லை. கோட்டிக்காரர். கோட்டை உள்ளவன் கதவைச் சாத்திக்கொள்வான். கோட்டி பிடித்தவன் தன் சோற்றை மறந்து அடுத்தவன் பெயரை வெயிலில் காயப்போடுவான். நீங்கள் கோட்டை என்று சொல்லுகிற வரை உள்ளேதான் இருப்பீர்கள். ஒரு தடவை கோட்டி என்று சொல்லுங்கள்." இளவரசனுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று நாள் வெட்கப்பட்டான். நாலாம் நாள் சொன்னான். மதில் முழுக்கச் சிரித்தது. சிரித்த மதில் அருவியாக விழுந்தது. அந்த ஈரத்திலேயே, காயாமலே, இளவரசியின் பெயர் தும்பியாகி அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. கோட்டிக்காரன் தன் சாக்கை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனான். அன்றைக்குக் காயவைக்க நிறைய இருந்தது.

இதை முதுகுகளிடம் அவர் சொல்லவில்லை. நேரே துல்கர்னைனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நீரு இப்ப மெட்ராஸ்காரன். பென்சிலை எடும். திருத்தும் பாப்போம்."

துல்கர்னைன் உற்சாகமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கோட்டின்னு ஒரு சொல்லே தமிழ்ல கிடையாது. கோட்டைன்னு மாத்துதேன். 'கோட்டைக்காரர் என்று கூப்பிட்டால் மதில் எழும்புகிறது. இவர் கோட்டைக்காரர் இல்லை. கோட்டைக்காரர்.' ஏ, இது என்ன? சரி, இதை விடுதேன். 'நீங்கள் கோட்டை என்று சொல்லுகிற வரை உள்ளேதான் இருப்பீர்கள். ஒரு தடவை கோட்டை என்று சொல்லுங்கள்.'" பென்சிலை வைத்துவிட்டார். "வே, இதைத் திருத்தினா திருத்துதவனுக்குக் கோட்டி புடிச்சிரும்."

"அர்த்தம் புரியுமா பாய்? நம்ம சொல் தெரியாதவனுக்கு?"

துல்கர்னைன் மறுபடி ஒருமுறை வாசித்தார். "புரியும். சோத்தை மறந்தவன்னு சொல்லிட்டீரே. புரியும்." பிறகு சிரித்தார். "எம் பேருக்குச் சொந்தக்காரரு, எங்க வேதத்துல வாற ராஜா, எதிரி வராம இரும்பை உருக்கிச் சுவரு கட்டுனாரு. நீரு பச்சத் தண்ணியில கட்டியிருக்கீரு. ரெண்டுலயும் ஆள் நுழைய முடியாது."

பிழை திருத்த அவரை விட்டார் பெருமாள். 'ர', 'ற' மட்டும். வேறு எதிலும் கை வைக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். ரிஜிஸ்டர் தபாலில் போனது. ரசீதை உலகம்மையிடம்கூடக் கொடுக்கவில்லை.

பதினேழு நாள். அதற்குள் சாரல் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. குரங்குகள்கூட ஆள் இல்லாத பாறையில் சலிப்பாக உட்கார்ந்திருந்தன. பெருமாள் நடுவில் இரண்டு முதுகுகளுக்கு எண்ணெய் தேய்த்தார். ஒன்றும் சொல்லாமல் தேய்த்தார். இரண்டு பேரும் நன்றாகத் தூங்கி எழுந்து, "கை நல்ல கைவே" என்று சொல்லிப் போனார்கள்.

காலை ரயிலில் கட்டு வந்த அன்று, துல்கர்னைன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். பெருமாள் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

படக்காரன் தண்ணீரில் கோட்டை வரைந்திருந்தான். வாசலில் மீன்கள். கிரீடத்தைக் கழற்றிவிட்டான். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தான். பெருமாள் ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்தார். கோட்டை வர வேண்டிய இடத்தில் கோட்டை இருந்தது. கோட்டி வர வேண்டிய இடத்தில் கோட்டி இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. 'தும்பி'யைத் 'தட்டான்' என்று ஆக்கியிருந்தான்.

"அது கிடக்குது" என்றார்.

"இன்னொண்ணும் வந்திருக்கு" என்று துல்கர்னைன் ஒரு கார்டை எடுத்தார். கடை விலாசத்துக்கு வந்தது.

'முடிவு நாங்கள் கேட்டதல்ல. அச்சுக்கு நேரம் நெருங்கியதால் வெளியிட்டோம். வாசகர் வரவேற்பைப் பொறுத்து, ஐப்பசி முதல் தங்கள் புதுத் தொடரைத் தொடங்கலாம். ஆனால் வட்டாரச் சொற்கள் இன்றி எழுதுவதாக ஒப்புதல் தர வேண்டும். மறு தபாலில் பதில் எழுதவும்.'

பெருமாள் கார்டை வாங்கித் தானும் ஒரு தடவை எழுத்துக் கூட்டினார். இரண்டு பேர் வந்து பத்திரிகை கேட்டார்கள். வாங்கிப் போனார்கள்.

"சரின்னு எழுதிப் போடும்வே" என்றார் துல்கர்னைன். "வருஷம் பூரா தொடரு. லேசா? நாலு சொல்லு போனா போகுது."

"நாலு சொல்லு போனா, அந்தாளுக்கு மிச்சம் என்ன பாய்? மீசையும் கிரீடமும்தானே?"

"அப்ப வேண்டாம்னு எழுதப் போறீரா?"

"வேண்டாம்னு எதுக்கு எழுதணும்? ஒரு கார்டு குடும்."

கடைப் பலகையில் வைத்து எழுதினார். எழுத்து எப்போதும் போலக் கோணல்தான். துல்கர்னைன் எட்டிப் பார்த்தார்.

'தொடரு எழுதுதேன். எங்க ஊருச் சொல்லு வரும். புரியும்படி வரும். புரியலன்னா திருப்பி அனுப்பிரும். மாத்தப்புடாது. சிவனணைந்தபெருமாள்.'

"முழுப் பேரையும் போட்டிருக்கீரு."

"ஆமா."

"'மாத்தப்புடாது'ன்னு இருக்கு. 'மாற்றக் கூடாது'ன்னு போட்டுத் தரட்டா?"

பெருமாள் ஒரு பார்வை பார்த்தார். துல்கர்னைன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு மூலையில் தபால் பெட்டி இருந்தது. கார்டை அதன் வாய்க்குள் விட்ட பிறகும் பெருமாள் கையை எடுக்கவில்லை. விரல் நுனியில் கார்டின் ஓரம் இன்னும் தட்டுப்பட்டது. பிறகு விட்டுவிட்டார். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"போட்டுட்டீரா?" என்று கடையிலிருந்து கேட்டார் துல்கர்னைன்.

"போட்டாச்சு."

"பயமா இருக்கா?"

"இருக்கு பாய்."

செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது. மேலகரத்தில் இறங்க அதில்தான் ஏற வேண்டும். ஏறவில்லை. பெட்டி திறக்க எத்தனை மணிக்கு ஆள் வருவான் என்று பக்கத்து வெற்றிலைக் கடையில் விசாரித்தார். பதினொன்றரை என்றார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதுவரை யாரும் கார்டில் கை வைக்காதபடி பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.